எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் குடல் பாக்டீரியாக்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். குடல் அழற்சி நோயைப் பற்றி ஒரு நாளிதழ் இவ்வளவு விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் தலைப்பில் ‘பூரண குணம்’ என்று போட்டிருந்தீர்கள். உள்ளே, ஆரோக்கியமான ஒருவரின் மலத்தில் உள்ள பாக்டீரியாக்களை நோயாளியின் குடலுக்குள் செலுத்தினால் நோய் போய்விடும், மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்று இரண்டு இடங்களில் வருகிறது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போன வருடம் இதே நம்பிக்கையில் நானும் என் தங்கையும் குளியலறை வரை போய்விட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 41. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது வருடமாக அல்சரேட்டிவ் கொலைடிஸ். பெருங்குடலின் உள்சுவரில் புண் வந்து, ரத்தமும் சளியுமாகப் போகும் நோய். இதற்கும், செரிமானப் பாதையில் எங்கு வேண்டுமானாலும் அழற்சி வரக்கூடிய கிரோன் நோய்க்கும் பொதுப் பெயர்தான் ஐ.பி.டி., அதாவது குடல் அழற்சி நோய். உங்கள் கட்டுரையில் ஓரிடத்தில் இது ஐ.பி.எஸ். என்று வந்துவிட்டது. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு. ஐ.பி.எஸ்.ஸிலும் வயிறு படாத பாடு படுத்தும், ஆனால் குடலில் புண் இருக்காது. எங்களுக்குக் குடல் உண்மையாகவே வெந்துபோயிருக்கும், கொலனோஸ்கோபியில் கண்ணால் பார்க்கலாம். என் முதல் கொலனோஸ்கோபி படத்தில் குடலின் உட்புறம், முழங்கால் தேய்ந்த குழந்தையின் தோல் மாதிரி இருந்தது.

நோய் கிளம்பிய நாட்களில் ஒரு பீரியடு என்பது 45 நிமிடம் இல்லை. வயிறு அனுமதிக்கிற நேரம்தான். கரும்பலகையில் பாதிச் சமன்பாட்டை எழுதிவிட்டு, “மீதியை நீங்களே போடுங்கள்” என்று சொல்லி நடந்திருக்கிறேன். பிள்ளைகள் அதை ஒரு பயிற்சி முறை என்றே நினைத்தார்கள். தேர்வு அறைக்கு மேற்பார்வைக்குப் போட்டால் முந்தின நாள் மதியத்திலிருந்தே சாப்பிட மாட்டேன். மூன்று மணி நேரம் யாரையும் விட்டுவிட்டு நகர முடியாது. எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் கழிவறை, அதில் எது உள்ளே தாழ் விழும், எதில் விழாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. இந்த நோய்க்காரர்களில் பலர் வெளியே சொல்லாமலே வருடக்கணக்கில் இருக்கிறார்கள், அதனால்தான் யாராவது ‘குணம்’ என்று எழுதினால் அப்படியே பிடித்துக்கொள்கிறோம்.

டாக்டர் முதலில் கொடுத்தது ஆரஞ்சு நிற மாத்திரை, சல்ஃபாசலசீன். சிறுநீர்கூட ஆரஞ்சாகப் போகும். இந்த மாத்திரையின் கதையை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் மூட்டு வாதத்துக்காக உருவாக்கியது. மூட்டு வலியோடு குடல் புண்ணும் இருந்தவர்களுக்குக் குடலும் தேறியதைக் கவனித்து, 1942-ல் எழுதினார். இரண்டு வேதிப்பொருள்களை ஒரு கண்ணியால் கோத்த மருந்து அது. வயிற்றில் அது பிரியாது, சிறுகுடலிலும் பெரும்பகுதி பிரியாது. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அந்தக் கண்ணியை வெட்டுகின்றன. வெட்டினால்தான் உள்ளே இருக்கும் மருந்து வெளியே வந்து புண்ணில் படும். ஆக, இந்த நோய்க்கு முதன்முதலில் உருப்படியாக வேலை செய்த மாத்திரையே பாக்டீரியாவின் தயவில்தான் ஓடியிருக்கிறது. நான் அதுவரை பாக்டீரியா என்றாலே எதிரி என்று நினைத்திருந்தவள். இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் கட்டுரையின் அடிப்படையை நான் மறுக்கவே இல்லை. குடல் பாக்டீரியாக்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஐ.எல்.-10 என்ற, அழற்சியை அடக்கும் பொருளைச் சுரக்க முடியாத எலிகளுக்குக் குடல் புண் வரும். அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் பிறந்ததிலிருந்து வளர்த்தால் வராது. மனிதர்களிலும் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் 1991-ல், கிரோன் நோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த சிலருக்கு, ஒட்டுப்போட்ட இடத்தின் வழியாக மலம் போகாதபடி திருப்பிவிட்டார்கள். அந்த இடத்தில் நோய் திரும்பவில்லை. பழையபடி இணைத்துவிட்டதும் திரும்பியது. வழிந்துபோகிற அந்தப் பொருளில்தான் ஏதோ இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

என்ன இருக்கிறது என்பதில்தான் சிக்கல். எங்கள் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்துபோயிருக்கின்றன. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைச் செய்து தரும் வகைகள் முக்கியமாகக் குறைகின்றன. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு அந்த பியூட்டிரேட்தான் பிரதான எரிபொருள். அவற்றில் ஒன்றான ஃபீகலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி குறைவாக இருந்த கிரோன் நோயாளிகளுக்கு அறுவைக்குப் பிறகு நோய் அதிகம் திரும்பியதை 2008-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சரி, அது குறைந்ததால் புண் வந்ததா, புண் வந்ததால் அது குறைந்ததா? புண்பட்ட குடலுக்குள் ஆக்சிஜன் கசிகிறது. ஆக்சிஜன் பட்டாலே செத்துப்போகிறவை இந்த நல்ல வகைகள், ஆக்சிஜன் இருந்தால் கொழிப்பவை ஈகோலை போன்றவை. ஆகவே இரண்டு திசையிலும் ஓடுகிற சக்கரம் இது. கட்டுரை ஒரு திசையை மட்டும் சொன்னது. நாற்று நட்டால் பயிர் வந்துவிடும் என்று எழுதினால் போதாது, வயல் எரிந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது என் தங்கை விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் இரண்டாவது முறையாக ஸ்டீராய்டில் இருந்தேன். கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதியோபிரின் மாத்திரை. முகம் வீங்கி, எலும்பு வலித்து, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை போய்க்கொண்டிருந்தேன். பார்க்க வந்த தங்கை இரண்டு நாள் என்னோடு இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். மூன்றாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, “அக்கா, என்னோடதையே எடுத்துக்கோ” என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. வெளிநாட்டில் ஒரு பெண் தன் கணவரின் மலத்தைக் கரைத்துத் தானே எனிமா எடுத்துக்கொண்டு குணமானதாகச் சொல்லும் வீடியோ ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள். “எனக்கு ஒரு நாள் வயிறு சரியில்லாமப் போனதில்ல. ஒரு மாத்திரை போட்டதில்ல. ஒரே ரத்தம் வேற. என்னைவிட உனக்கு யாருக்கா பொருந்தும்?” என்றாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கரகரத்தது.

மறுநாள் எல்லாம் வந்து இறங்கியது. ஒரு புது மிக்ஸி ஜார், மெல்லிய வலைபோட்ட வடிகட்டி, இரண்டு பாட்டில் சலைன், குழாயோடு எனிமா பை. ஒரு நோட்டுப் பக்கத்தில் அளவுகளை எழுதி வைத்திருந்தாள், கிராமுக்கு எத்தனை மில்லி என்று. அவள் நர்ஸ் என்பதால் கையுறை போடுவதிலிருந்து பையைத் தொங்கவிடும் உயரம் வரை எல்லாம் சுத்தமாக, முறையாக இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது. மறுநாள் காலை ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று.

அன்று மாலை ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. மறைக்க மனம் வராமல் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர் திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து செய்தே இருப்பேன். சிறிது நேரம் என் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்க தங்கச்சி எங்க வேலை பார்க்கறாங்க?” என்று கேட்டார்.

“ஐ.சி.யூ.வில் டாக்டர்.”

“எத்தனை வருஷமா?”

“ஆறு வருஷம்.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். “அவங்க ஆரோக்கியமாத்தான் இருப்பாங்க. ஆனா ஐ.சி.யூ.வில எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிங்க உண்டு. அது அவங்க குடல்ல வந்து உக்காந்திருந்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு இப்ப எதிர்ப்பு சக்தியையே மாத்திரையால அடக்கி வச்சிருக்கோம், குடல் பூரா புண்ணு. முதல்ல அவங்களை ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்” என்றார்.

தங்கைக்கு அது அவமானமாக இருந்தது. ஆனாலும் எடுத்தாள். ஐந்தாவது நாள் முடிவு வந்தது. அவள் குடலில் ஈ.எஸ்.பி.எல். வகை ஈகோலை இருந்தது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளில் பெரும்பாலானவற்றைச் சிதைத்துவிடும் நொதியைச் சுரக்கிற கிருமி. அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அவள் குடலில் அது பேசாமல் ஒரு மூலையில் இருக்கிறது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லையேக்கா, எனக்கு ஒண்ணுமே இல்லையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நோயாளிகளைத் தொட்டுத் தூக்கித் துடைத்துச் சம்பாதித்த கிருமி அது. அவளிடம் எந்தத் தப்பும் இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு விஷயம் சொல்கிறேன். அமெரிக்காவில் இதே வகைக் கிருமி கொண்ட ஒரே கொடையாளியின் மலத்திலிருந்து செய்த கேப்ஸ்யூல்களை, மருத்துவ ஆய்வில் சேர்ந்த நோயாளிகள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு ரத்தத்தில் கிருமி பரவியது. ஒருவர் இறந்துபோனார். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 ஜூனில் எச்சரிக்கை விட்டது. அந்தக் கொடையாளியும் ஆரோக்கியமானவர்தான். ஆய்வுக்கூடத்தில், வல்லுநர்கள் கையில் நடந்தது இது. எங்களுடையது மிக்ஸி ஜார்.

உங்கள் கட்டுரை ‘கொடையாளி ஆரோக்கியமானவராக இருந்தால் போதும், குடும்பத்தினர் என்றால் இன்னும் நல்லது’ என்கிறது. தயவுசெய்து இந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ரத்த உறவு என்பதால் பாக்டீரியா பொருந்திவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முறையாக நடத்துகிற இடங்களில் மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஒட்டுண்ணிகள், மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரை எடுப்பதில்லை. கொடுக்க முன்வருகிறவர்களில் மிகச் சிலரே தேறுகிறார்கள்.

அடுத்து எண்களுக்கு வருகிறேன். என் பாடம் அது, விட்டுவிட மனசில்லை.

கட்டுரையில் ‘பத்தில் ஒன்பது பேருக்குக் குணம்’ என்று ஓர் எண் வருகிறது. அது எங்கள் நோயின் எண் இல்லை. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால், ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு திரும்பத் திரும்ப வரும் கடுமையான பேதிக்கு உரியது. அங்கே இந்தச் சிகிச்சை அற்புதமாக வேலை செய்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், மலக் கரைசல் பெற்ற 16 பேரில் 15 பேர் தேறினார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் இந்த வகையில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கொடுத்ததும் அந்தப் பேதி திரும்பாமல் தடுப்பதற்காக மட்டும்தான். அங்கே எதிரி ஒரே ஒரு கிருமி, ஆன்டிபயாடிக் காலிசெய்துவிட்ட இடத்தில் புகுந்துகொண்டது. இடத்தை நிரப்பினால் அதற்கு வழியில்லை. எங்களுக்கோ சொந்த எதிர்ப்பு சக்தியே சண்டையில் ஒரு கட்சி.

அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு நடந்த ஆய்வுகளின் எண்களைக் கட்டுரை சொல்லவே இல்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிவைத்ததைத் தருகிறேன். கனடாவில், 2015: வாரம் ஓர் எனிமா வீதம் ஆறு வாரம் பெற்ற 38 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயருக்கு வெறும் தண்ணீர் எனிமா பெற்ற 37 பேரில் 2 பேருக்கு. அதே வருடம் நெதர்லாந்தில், மூக்கு வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் செலுத்தியபோது 23-ல் 7, தங்கள் மலத்தையே திரும்பப் பெற்றவர்களில் 25-ல் 5. இந்த வித்தியாசத்தை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில், 2017: பலருடைய மலத்தைக் கலந்து, வாரத்தில் ஐந்து நாள், எட்டு வாரம் எனிமா. 41-ல் 11 பேர், நிறமும் வாடையும் சேர்த்த கரைசல் பெற்ற 40-ல் 3 பேர். அங்கேயே 2019-ல், காற்றுப்படாமல் தயாரித்து ஒரே வாரத்தில் மூன்று தடவை கொடுத்ததில் 38-ல் 12, தங்கள் மலத்தையே பெற்ற 35-ல் 3.

என் மாணவர்களாக இருந்தால் இப்படிக் கூட்டாதீர்கள் என்பேன், ஏனென்றால் நான்கும் நான்கு விதமாகச் செய்தவை. ‘நோய் அடங்கியது’ என்பதைக்கூட ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளந்தார்கள். ஆனாலும் குத்துமதிப்பாக ஒரு படம் வேண்டுமே என்று கூட்டினேன். சிகிச்சை பெற்றவர்கள் 140, தேறியவர்கள் 39. பெயருக்குப் பெற்றவர்கள் 137, தேறியவர்கள் 13. நூற்றுக்கு 28, நூற்றுக்கு ஒன்பதரை.

இதை எப்படிப் படிப்பது? 28-ஐ மட்டும் சொன்னால் பொய். அதில் ஒன்பதோ பத்தோ எதுவும் செய்யாமலே வந்திருக்கும். இந்த நோய் தானாகவே அடங்கும், தானாகவே கிளம்பும். எனக்கே ஒரு தடவை, எந்த மருந்தும் மாற்றாமல், இரண்டு மாதம் நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் யாராவது எதையாவது கொடுத்திருந்தால், அதுதான் குணப்படுத்தியது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். நான் கடையில் நுண்ணுயிர் (புரோபயாடிக்) கேப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிட்ட மூன்று மாதமும் நோய் மோசமாகத்தான் இருந்தது. அதனால் அதைத் திட்டினேன். அதுவும் அதே தவறுதான்.

ஆனால் மீதி இருக்கிற பதினெட்டு, பத்தொன்பது பேரை யாரும் அலட்சியமாகப் பேசக் கூடாது. நூறு பேரில் பத்தொன்பது பேர் கழிவறையைத் தேடாமல் ஒரு நாளைக் கழிப்பது என்றால் என்ன என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்தச் சிகிச்சையைக் கேலி செய்பவர்கள் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. ‘மலத்தையா!’ என்று முகம் சுளித்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் கட்டுரைக்கு வைத்திருந்த கார்ட்டூனும் அப்படித்தான் இருந்தது.

எத்தனை நாள் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. அந்த 2019 ஆய்வில் தேறிய 12 பேரில், ஒரு வருடம் கழித்தும் நன்றாக இருந்தவர்கள் 5 பேர். ‘பூரண குணம்’ என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடச் சுவாரசியமாகப் பட்டது கனடா ஆய்வில் உள்ள ஒரு தகவல். தேறிய 9 பேரில் 7 பேர் ஒரே கொடையாளியிடமிருந்து பெற்றவர்கள். அந்த ஒருவரிடம் அப்படி என்ன இருந்தது? இதற்கு விடை தெரிந்தால் மிச்சமெல்லாம் மாறிவிடும். அப்போது மலத்தையே கொடுக்க வேண்டாம், வேலை செய்கிற பாக்டீரியாக்களை மட்டும் வளர்த்து மாத்திரையில் அடைத்துக் கொடுக்கலாம். இன்னொன்று தெரியுமா, அந்த ஆய்வைப் பயனில்லை என்று சொல்லிப் பாதியில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களை மட்டும் தொடரவிட்டதால்தான் கடைசியில் அந்த வித்தியாசம் வெளியே வந்தது.

ஒற்றை பாக்டீரியாவில் சிகிச்சை என்பதும் புதிதில்லை. முதல் உலகப் போர் நடந்த 1917-ல், கூட இருந்தவர்களெல்லாம் பேதியில் விழுந்தபோது விழாமல் நின்ற ஒரு படைவீரரின் மலத்திலிருந்து ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மன் மருத்துவர் ஓர் ஈகோலையைப் பிரித்தெடுத்தார். ஈகோலையில் எத்தனை ஜாதி பாருங்கள், என் தங்கையின் குடலில் இருந்தது ஒன்று, இது ஒன்று. அந்த நிஸ்லே ஈகோலையை, இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மெசலமைன் மாத்திரையோடு ஒப்பிட்டு 327 பேரிடம் ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். அடங்கிய நோய் திரும்பாமல் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். நோய் திரும்பியவர்கள் நிஸ்லேயில் நூற்றுக்கு 36, மெசலமைனில் நூற்றுக்கு 34. இது நல்ல செய்தி. ஆனால் கடையில் விற்கிற எல்லா நுண்ணுயிர் கேப்ஸ்யூலுக்கும் இந்தச் செய்தி பொருந்தாது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் பாக்டீரியாவே வேறு.

கிரோன் நோய்க்காரர்களுக்கு இன்னும் குறைவாகத்தான் ஆதாரம் இருக்கிறது. கட்டுரை அவர்களையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டது. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அல்சரேட்டிவ் கொலைடிஸ், கிரோன் இரண்டுக்குமே மல நுண்ணுயிர் மாற்று சிகிச்சையை மருத்துவ ஆய்வுகளுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வாக்கியம் கட்டுரையில் இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துபோயிருக்கும், மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மேலே சொன்ன ஆய்வுகளில் பலர் தங்கள் வழக்கமான மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டேதான் சிகிச்சை எடுத்தார்கள். ஸ்டீராய்டைக் குறைத்ததும் மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாக. உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தார்களோ என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. திருத்தம் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் வராமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வந்தால் அவர்கள் கண்ணில் படும்.

இனி இந்த விஷயத்தை எழுதும்போது, எத்தனை பேரில் எத்தனை பேர் தேறினார்கள் என்று போடுங்கள். பக்கத்திலேயே, பெயருக்குச் சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேர் என்பதையும் போடுங்கள். வாசகர்களுக்குக் கணக்கு புரியாது என்று தயங்க வேண்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், அவர்களுக்கு நன்றாகவே புரிகிறது.

எனக்கு இப்போது வெடோலிசுமாப் என்ற ஊசி எட்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏறுகிறது. குடல் அழற்சியைக் காட்டும், மலத்தில் பார்க்கும் கால்புரொடெக்டின் அளவு 1,140-லிருந்து 86-க்கு வந்திருக்கிறது. ஸ்டீராய்டு நின்றுவிட்டது. தங்கை ஏழு மாதம் கழித்துத் தானாகவே மறுபடி டெஸ்ட் எடுத்தாள், கிருமி இல்லை. என்னிடம் சொல்வதற்கு முன்பே டாக்டருக்குப் போன் செய்து, “இப்ப கொடுக்கலாமா டாக்டர்?” என்று கேட்டிருக்கிறாள். ஐ.சி.யூ. வேலையில் இருக்கும்வரை வேண்டாம் என்றுவிட்டார்.

போன மாதம் ஊசிக்குப் போனபோது, முறையான ஆய்வு ஏதாவது ஆரம்பித்தால் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். நோய் அடங்கியிருக்கும்போது எதற்கு என்றார். திரும்பக் கிளம்பினால் என்றேன். “அதில யாருக்கு எதுன்னு குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வாங்க. வெறும் கரைசல் உங்களுக்கு விழலாம். எட்டு வாரம், நாற்பது எனிமா, எல்லாம் வெறும் கரைசலா இருக்கலாம், தெரியுமில்ல?” என்றார்.

விழட்டும் டாக்டர், அந்த எண்ணும் யாராவது கொடுத்தால்தானே கிடைக்கும் என்றேன். என் பெயரை ஃபைலின் முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை

பி.கு.: என் தங்கையின் பரிசோதனை முடிவும் இதில் இருப்பதால் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் என் நோயைப் பற்றிய பத்திகளை வெட்டிக்கொள்ளுங்கள். எண்கள் உள்ள பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம்.